ஓட்டிசம் உள்ளவர் சீருடைத் தொண்டர் படையில் சேர்வது எப்படி: யாழ்ப்பாணத்தவருக்கு ஒரு வழிகாட்டி

சீருடை, நேரந்தவறாத ஒழுங்கு, யார் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பதில் ஐயமின்மை, செய்ய வேண்டிய வேலை முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருத்தல் ஆகியவை ஓட்டிசம் (பிறரோடு பழகும் விதத்திலும் ஒலி, தொடுகை முதலியவற்றை உணரும் விதத்திலும் சிறுவயது முதலே வேறுபாடு காணப்படும் நிலை) உள்ள பலருக்கு இயல்பாகவே பிடித்தவை. ஆகவே அவர்களுள் சிலருக்குப் படை என்றதும் ஆவல் எழுவதில் வியப்பில்லை. முழுநேரப் படைவாழ்வு வேண்டாம், வார இறுதியில் பயிற்சி, தேவைப்படும்போது அழைப்பு என்ற அளவில் ஒரு சேமப்படையில் சேர முடியுமா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. கேட்பவர் சில வேளை அந்த இளைஞராகவும், பல வேளை அவருடைய தாயாராகவும், இடைக்கிடை கனடாவிலோ இலண்டனிலோ இருக்கும் மாமாவாகவும் இருப்பார். அந்தக் கேள்விக்கு முதலில் நேரடியாகப் பதில் சொல்லிவிட்டு, யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே சேரக்கூடிய முதலுதவித் தொண்டர் படையில் எவ்வாறு சேர்வது, சேர்ந்தபின் எவ்வாறு நிலைப்பது என்பதை விளக்குகிறேன். நானும் ஓட்டிசம் உள்ளவன், முதலுதவிச் சீருடை அணிந்து கடமை செய்கிறவன் என்பதால், கீழே வரும் அபிப்பிராயங்களில் என் சார்பு இருக்கும்.

இராணுவச் சேமப்படைகள் பற்றி

இலங்கையில் 1949 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க இராணுவச் சட்டம் நிரந்தரப் படையையும் தொண்டர் படையையும் அவை இரண்டுக்குமுரிய சேமப்பிரிவுகளையும் வகுத்திருக்கிறது. தொண்டர் படையின் வரலாறு அதற்கும் முற்பட்டது. 1881 இல் ஆங்கிலேயர் காலத்திலேயே தொடங்கியது. எந்த நாட்டுப் படையாக இருந்தாலும் பகுதிநேர உறுப்பினருக்கும் மருத்துவத் தகுதி பார்க்கப்படும், ஓட்டிசம் உள்ளவர் பெரும்பாலும் தடைப்படுவது அங்கேதான். அமெரிக்காவில் படைச்சேர்ப்புக்கான மருத்துவ விதிகள் ஓட்டிசத்தைத் தகுதியிழப்புக்குரிய நிலைகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றன. விலக்கு வேண்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் அதைத் தருவதும் மறுப்பதும் படையின் விருப்பம். பிரித்தானியாவில் 2010 ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் மாற்றுத்திறனாளிகளுக்கு வேலைவாய்ப்பில் தருகின்ற பாதுகாப்பு ஆயுதப்படைகளைக் கட்டுப்படுத்தாது. கனடாவில் படையினர் எவரும் எந்நேரமும் எந்தக் கடமைக்கும் தகுதியுடன் இருக்க வேண்டும் என்ற பொதுவிதி உண்டு; மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்பாடு செய்து கொடுக்க வேண்டிய கடப்பாடு அந்த விதிக்கு உட்பட்டதே என்று அந்நாட்டு மனித உரிமைச் சட்டமே சொல்கிறது. இவற்றுக்கு மாறாக, இசுரேல் படை 2013 முதல் ஓட்டிசம் உள்ள இளைஞர்களை வான்வழிப் படங்களையும் செய்மதிப் படங்களையும் ஆராயும் பணிக்கென்றே தனித் திட்டத்தின் கீழ்ச் சேர்த்து வருகிறது. அங்கே ஆளுக்கேற்ற வேலையை முதலில் வகுத்துவிட்டுப் பிறகு ஆளைச் சேர்த்தார்கள். மற்றப் படைகளில் ஆள்தான் எல்லா வேலைக்கும் பொருந்த வேண்டும்.

வெளிநாட்டில் வாழும் உங்கள் உறவினர் ஒருவர் அந்நாட்டுச் சேமப்படைக்கு விண்ணப்பிக்க எண்ணினால், மருத்துவப் படிவத்தில் ஓட்டிசத்தை மறைக்க வேண்டாம் என்பதே நான் சொல்லக்கூடிய முதல் அறிவுரை. மறைத்துச் சேர்ந்தவர் பின்னர் அகப்பட்டால், நோய்நிலையைவிடப் பொய்யுரைத்தமையே பெரிய குற்றமாகிவிடும். யாழ்ப்பாணத்துத் தமிழ் இளைஞர் ஒருவர் இந்த நாட்டுப் படையில் சேர்வதா என்பதோ மருத்துவச் சான்றிதழோடு முடிகிற கேள்வி அன்று. ஒவ்வொரு குடும்பமும் தன் அனுபவத்தை வைத்தே அதைத் தீர்மானிக்கும். அதில் நான் கருத்துச் சொல்லப் போவதில்லை.

முதலுதவிப் படை ஏன் பொருந்துகிறது

யாழ்ப்பாணத்தில் திருவிழாக்களிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் நாம் காண்கிற சென் ஜோன்ஸ் முதலுதவிப் படையும், இலங்கை செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டர்களும் ஆயுதம் தாங்காதவர்கள். ஆயினும் அமைப்பால் அவர்கள் சேமப்படைக்கு மிக அண்மையில் நிற்பவர்கள்: சீருடை உண்டு, பதவிநிலைகள் உண்டு, பயிற்சியும் சோதனையும் உண்டு, அழைப்பு வந்தால் போக வேண்டும். இந்த உறவு வெறும் தோற்றமும் அன்று. இங்கிலாந்தில் 1877 இல் முதலுதவி கற்பிக்கும் சங்கமாகத் தொடங்கி 1887 இல் சீருடைப் படையாகவும் விரிந்த சென் ஜோன்ஸ் அமைப்பு, 1899 முதல் 1902 வரை தென்னாபிரிக்காவில் நடந்த போவர் போரில் பிரித்தானிய இராணுவ மருத்துவமனைகளுக்குத் தன் தொண்டர்களை அனுப்பியது.

இந்த வேலையின் உள்ளடக்கமும் நமக்குச் சாதகமானது. முதலுதவியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது: முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார், பிறகு ஆள் பதில் சொல்கிறாரா என்று பார், பிறகு மூச்சு, பிறகு இரத்தப்போக்கு. மூச்சும் இதயத்துடிப்பும் நின்றவருக்குச் செய்யும் நெஞ்சழுத்த உயிர்மீட்புச் சிகிச்சையில் (CPR) நிமிடத்துக்கு 100 முதல் 120 வரையான அழுத்தங்கள், வளர்ந்தவருக்கு 5 முதல் 6 சென்ரிமீற்றர் ஆழம், 30 அழுத்தங்களுக்கு 2 ஊதுதல்கள் என்று எண்களாகவே விதி அமைந்திருக்கிறது. இவற்றைப் பிழையின்றி நினைவில் வைப்பதும், பதற்றமான கூட்டத்தின் நடுவே வரிசை தவறாமல் செய்வதும் நம்மில் பலருக்கு மற்றவர்களைவிட எளிதாக வரும். கடினமானவை வேறு, அவற்றைப் பயிற்சிப் பாடத்திட்டத்தில் காண முடியாது: நீண்ட காத்திருப்பு, திடீரென மாறும் கடமைப் பட்டியல், சொல்லாமலே விளங்கிக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கப்படும் சிறு சிறு விடயங்கள், இரைச்சல். ஆகவே உங்கள் ஆயத்தத்தின் பெரும் பகுதி இவற்றுக்கே செலவாக வேண்டும்.

சேர்வதற்கு முன்

விண்ணப்பிப்பதற்கு முன்பு அந்தப் படையின் கடமையை ஒரு முறையேனும் வெளியே நின்று பாருங்கள். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் மகோற்சவம் 25 நாள்கள் நடப்பதால், சனம் குறைந்த தொடக்க நாள் ஒன்றையும் தேர்த்திருவிழா போன்ற நாள் ஒன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க அது நல்ல வாய்ப்பு. முதலுதவிக் கொட்டகைக்குச் சற்றுத் தள்ளி நின்று, தொண்டர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைவிட, எதுவும் செய்யாதபோது எவ்வாறு இருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நின்றுகொண்டே இருக்கிறார்களா, கதிரை இருக்கிறதா, ஒலிபெருக்கி எவ்வளவு அண்மையில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு யார் எப்போது போகிறார்கள், ஒருவர் மற்றவரிடம் கடமையை எப்படி ஒப்படைக்கிறார் என்பவற்றை எழுதி வைத்துக்கொண்டால், பின்னர் பொறுப்பாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தாமாகவே கிடைத்துவிடும்.

அடுத்து, படைக்குள் இருக்கும் வேலைகளைப் பிரித்துப் பாருங்கள். காயத்துக்கு மருந்து கட்டுவது மட்டும் அங்கே வேலை அன்று. சிகிச்சை பெற்றவர்களின் விபரத்தைப் பதிவேட்டில் எழுதுவது, முதலுதவிப் பெட்டியில் குறைந்தவற்றைக் கணக்கெடுத்து நிரப்புவது, காவுபடுக்கை தூக்குவது, தொலைபேசியில் நிலைமையை அறிவிப்பது, காணாமற்போன பிள்ளையைப் பெற்றோர் வரும்வரை வைத்திருப்பது என்று பல உண்டு. இவற்றுள் எவை உங்களால் எந்த நாளிலும் முடியும், எவை நல்ல நாளில் மட்டும் முடியும், எவை முடியவே முடியாது என்று உங்களுக்குள் ஒரு தெளிவு இருக்க வேண்டும். எல்லாம் முடியும் என்று சொல்லிச் சேர்ந்து தேர்த்திருவிழா அன்று நிலைகுலைவதைவிட, பதிவேடும் பெட்டியும் என் பொறுப்பு, காயம் கட்டவும் தெரியும், ஒலிபெருக்கிக்குக் கீழே நிற்பது மட்டும் இயலாது என்று தொடக்கத்திலேயே சொல்கிறவரைத்தான் எந்தப் பொறுப்பாளரும் நம்புவார். பெட்டியை ஒழுங்காக வைத்திருக்கும் ஆளுக்கு எல்லாப் படைகளிலும் தட்டுப்பாடுதான் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஆவணங்கள்

தொண்டராகப் பதிவதற்குத் தேசிய அடையாள அட்டை, கிராம அலுவலரின் சான்றிதழ், புகைப்படங்கள் போன்ற வழமையானவற்றைத் தயாராக வைத்திருங்கள். 18 வயதுக்குக் குறைந்தவராயின் பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதமும் தேவைப்படும்.

ஓட்டிசம் பற்றிய மருத்துவக் கடிதம் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. யாழ். போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் இருக்கின்றன. உங்கள் வெளிநோயாளர் பிரிவு வைத்தியரிடமோ குடும்ப வைத்தியரிடமோ ஒரு கடிதம் பெற்றுக்கொண்டு சென்றால் வழி இலகுவாகும். ஓட்டிசத்தை இரத்தப் பரிசோதனையாலோ படம் பிடித்தோ கண்டுபிடிக்க இயலாது. சிறுபராயத்திலிருந்து ஒருவர் வளர்ந்த விதத்தைக் கேட்டறிந்தும், நேரில் அவதானித்துமே வைத்தியர் முடிவுக்கு வருவார். ஆகவே வளர்ந்தபின் பரிசோதனைக்குச் செல்கிறவர், பிறந்தபோது குடும்பநல உத்தியோகத்தர் தந்த பிள்ளை வளர்ச்சிப் பதிவுப் புத்தகம், ஆரம்பப் பாடசாலையின் முன்னேற்ற அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடி எடுத்துச் செல்ல வேண்டும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் வலிகாமத்திலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பலவற்றில் இப்படியான கடதாசிகள் எதுவும் மிஞ்சவில்லை. அப்படியானால் உங்களைச் சிறுவயதில் பார்த்து வளர்த்த அம்மாவையோ பெரியம்மாவையோ கூட்டிச் செல்லுங்கள். எத்தனை வயதில் பேசத் தொடங்கினீர்கள், மற்றப் பிள்ளைகளோடு எப்படி விளையாடினீர்கள், எந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்தினீர்கள் என்பவற்றை அவர் ஒரு தாளில் முன்பே எழுதிக்கொண்டு வந்தால், வைத்தியரிடம் கிடைக்கும் குறுகிய நேரம் வீணாகாது.

1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் வேலைக்கு ஆள் சேர்ப்பதிலும் கல்வி நிறுவனங்களில் அனுமதிப்பதிலும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. இவற்றை அறிந்திருப்பது நல்லது. ஆனால் சம்பளமற்ற தொண்டர் பணிக்குள் நுழையும்போது சட்டத்தின் பெயரை முதல் வரியில் எழுதுகிறவருக்குக் கதவு திறப்பதைவிட மூடுவதற்கே வாய்ப்பு அதிகம் என்பது என் எண்ணம்.

சொல்வதா, விடுவதா

சொல்ல வேண்டும். ஆனால் எல்லோரிடமும் அன்று. பிரிவுப் பொறுப்பாளர் ஒருவரிடமும் உங்களோடு கடமைக்கு நிற்கப்போகிற ஒருவரிடமும் சொன்னால் போதும். பிரிவின் வட்ஸ்அப் குழுவில் இதை அறிவிக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, வேறொருவர் அறிவிப்பதற்கும் நீங்கள் இடங்கொடுக்கக் கூடாது.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்வி ஒருவருடையதாக மட்டும் இருப்பதில்லை. வீட்டில் கலியாணம் பேசுகிற வயதில் ஓர் அக்காவோ தங்கையோ இருந்தால், ஓட்டிசம் என்ற சொல் ஊருக்குள் போய்விடுமோ என்ற பயம் பெற்றோருக்கு இருக்கும். அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்குவதால் பயனில்லை. பொறுப்பாளரிடம் என்ன சொல்லப் போகிறீர்கள், எந்தச் சொற்களில் சொல்லப் போகிறீர்கள், அது யாரைத் தாண்டிப் போகாது என்பதை வீட்டில் முதலில் பேசி இணங்கிக்கொள்ளுங்கள். வீட்டார் உடன்படாவிட்டாலும் வழி இருக்கிறது: நோய்நிலையின் பெயரைச் சொல்லாமல், தேவைகளை மட்டும் சொல்லலாம். பொறுப்பாளருக்கு நடைமுறையில் வேண்டியதும் அந்தத் தேவைகள்தான்.

வாயால் சொல்வதைவிடக் கடிதமாகக் கொடுப்பது நல்லது. நேரில் பேசும்போது அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு மறந்துவிடலாம். கடிதம் கோப்பில் இருக்கும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது, ஒவ்வொரு தேவையும் ஒரு வேலையோடு தொடர்புபட்டிருக்க வேண்டும். மாதிரிக்கு இவ்வாறு எழுதலாம்:

"மதிப்புக்குரிய ஐயா, எனக்கு ஓட்டிசம் இருக்கிறது. முதலுதவிப் பாடங்களையும் செய்முறைகளையும் கற்பதில் எனக்குச் சிரமம் இல்லை. கடமைப் பட்டியல் முதல்நாள் மாலைக்குள் எழுத்தில் கிடைத்தால் நேரத்துக்கு வந்து முழுமையாகக் கடமை செய்வேன். இடம் அல்லது நேரம் மாறினால் தொலைபேசியில் அழைப்பதைவிடக் குறுஞ்செய்தி அனுப்புவது எனக்கு உதவியாக இருக்கும். ஒலிபெருக்கிக்கு மிக அண்மையில் நீண்டநேரம் நின்றால் என்னால் நோயாளி சொல்வதைச் சரியாகக் கேட்க முடியாது; ஆகவே கொட்டகையின் மறுபக்கத்தில் நிற்க அனுமதி வேண்டுகிறேன். நான் பேசுபவரின் கண்ணைப் பார்க்காதிருந்தாலும் சொல்வதைக் கவனமாகவே கேட்டுக்கொண்டிருப்பேன். நான் பிழை செய்தால் உடனேயே நேரடியாகச் சொல்லுங்கள். மறைமுகமாகச் சொன்னால் எனக்கு விளங்காமற் போகலாம்."

கண்ணைப் பார்ப்பது பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். பெரியவர் பேசும்போது வேறெங்கோ பார்ப்பது இங்கே மரியாதைக்குறைவாகவே எடுக்கப்படும், அதை முன்பே விளக்கிவிட்டால் பின்னர் வரக்கூடிய மனக்கசப்புகளில் பாதி வராமலே போகும். கடிதத்தைக் கொடுக்க அம்மா கூட வரலாம். ஆனால் பயிற்சி தொடங்கியபின் அவர் வாசலோடு நின்றுகொள்வது நல்லது. பொறுப்பாளர் உங்களிடம் கேட்க வேண்டியதை அம்மாவிடம் கேட்கப் பழகிவிட்டால், அந்தப் பழக்கத்தை மாற்ற நெடுங்காலம் எடுக்கும்.

பயிற்சிக் காலம்

சீருடையிலிருந்து தொடங்குவோம், ஏனெனில் பலர் திணறுவது அங்கேதான். புதுத் துணியைத் தைத்த கையோடு அணியாமல் பல தடவை தோய்த்துக் காயவிட்டு மென்மையாக்குங்கள். கழுத்துப்பட்டியின் உட்புறத்துச் சீட்டுகளைத் தையற்காரரிடமே வெட்டி எடுக்கச் சொல்லுங்கள். கஞ்சி போட்ட துணி தோலில் உரசுவது தாங்க முடியாவிட்டால், கஞ்சி போடாமல் நன்றாக இஸ்திரிக்கை போட்டு அணிந்தால் அணிவகுப்பில் எவரும் வித்தியாசம் காணப்போவதில்லை. சப்பாத்தை வீட்டில் மாலைதோறும் போட்டு நடந்து பழக்கிய பின்னரே கடமைக்குப் போட வேண்டும்.

அணிநடைக் கட்டளைகள் எந்த மொழியில் சொல்லப்படும் என்று முதலிலேயே கேட்டு, அவற்றை வரிசையாக எழுதி வாங்கி வீட்டில் பழகுங்கள். கட்டளைக்கு முந்திய எச்சரிக்கைச் சொல்லுக்கும் செயலைத் தொடக்கும் சொல்லுக்கும் இடையிலுள்ள இடைவெளியை விளங்கிக்கொண்டால் மீதி தானாக வரும். பயிற்றுநர் உரத்துக் கத்துவது கோபத்தினால் அன்று, மைதானத்தின் கடைசி வரிசைக்குக் கேட்பதற்காக என்பதை மனத்தில் பதியவையுங்கள். உண்மையிலேயே கோபத்தில் கத்துகிறவர்களும் உண்டு. அந்த வேறுபாடு விளங்காவிட்டால் வகுப்பு முடிந்தபின் அருகே சென்று, "சேர், நான் செய்ததிலை ஏதும் பிழையோ?" என்று கேட்டுவிடுவதே வழி.

செய்முறைப் பயிற்சியில் ஒருவரை ஒருவர் தொட வேண்டியிருக்கும். மயக்கமுற்றவரைப் பக்கவாட்டில் கிடத்தும் முறையைப் பழகும்போது உங்களையும் பிறர் உருட்டிக் கிடத்துவார்கள். தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடும்படி கேளுங்கள். அது உங்களுக்கான சலுகை என்று எவரும் நினைக்க வேண்டியதில்லை, நினைவோடு இருக்கும் நோயாளியை அனுமதி கேட்டே தொட வேண்டும் என்பது முதலுதவியின் விதி. கையுறை அணிந்தால் தோலின் ஈரமும் வியர்வையும் தொந்தரவாக இராது. நெஞ்சழுத்தத்தைப் பொம்மையில் பழகும்போது தாளக்கருவிச் செயலி ஒன்றைக் கைத்தொலைபேசியில் 110 இல் வைத்துப் பழகினால் வேகம் கைக்கு வந்துவிடும்.

பலருக்கும் உண்மையில் சிக்கலாவது பாவனைப் பயிற்சிதான். ஒருவர் காயப்பட்டவர்போல நடிப்பார். இரத்தம் இல்லாத இடத்தில் இரத்தம் இருப்பதாகக் கொள்ள வேண்டும். எவற்றைக் கற்பனை செய்ய வேண்டும், எவற்றைக் கண்டபடியே எடுக்க வேண்டும் என்று தொடங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சோதனையில் ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிச் சொல்லிச் செய்தால், உங்கள் கை தாமதித்தாலும் உங்களுக்கு விடயம் தெரியும் என்பது சோதிப்பவருக்குப் புரியும்.

கடமை நாள்

நல்லூரில் காலைக் கடமை என்றால், வெளிவீதி மணலில் உருண்டு பிரதட்டை செய்கிறவர்களின் தோல் உராய்வும் தலைச்சுற்றலும், அடிக்கடி விழுந்து கும்பிட்டு அடியழிக்கும் பெண்களின் களைப்பும் உங்களிடம் வரும். பின்னர் வெயில் ஏற ஏற மயக்கம், நீரிழப்பு, சனநெரிசலில் மூச்சுத்திணறல். பெரும்பாலானவர்களுக்குத் தேவைப்படுவது நிழல், காற்று, கால்களை உயர்த்திக் கிடத்துதல், நினைவு தெளிந்தபின் நீர் அல்லது ஜீவனி (நீரிழப்புக்குக் கொடுக்கும் உப்புக் கரைசல்). இவற்றைச் செய்வதைவிட இவற்றைச் செய்யும்போது பேசுவது கடினம் என்றால், சில வசனங்களை மனப்பாடம் செய்து வைத்திருங்கள். "அம்மா, நான் முதலுதவிப் படை. உங்கடை கையைப் பிடிச்சுப் பாக்கலாமோ?" "காலமை என்ன சாப்பிட்டனீங்கள்?" "சீனி வருத்தம், பிரசர் இருக்கோ?" "ஆர் உங்களோடை வந்தது?" வயதானவரை அம்மா, ஐயா என்றும் இளையவரைத் தம்பி, தங்கச்சி என்றும் அழைத்துவிட்டால் பெயர் கேட்கும் சங்கடமும் குறையும்.

கூட்டத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தால், கையில் இரும்புத் திறப்பைத் திணிக்க நாலுபேர் ஓடி வருவார்கள். திறப்பால் ஒரு பயனும் இல்லை. கையைப் பிடித்து அமுக்கக் கூடாது, வாய்க்குள் எதையும் வைக்கக் கூடாது; தலைக்குக் கீழே மென்மையான துணி வைத்து, நேரத்தைப் பார்த்துக்கொண்டு, வலிப்பு அடங்கியதும் பக்கவாட்டில் கிடத்த வேண்டும். ஐந்து நிமிடங்களைத் தாண்டினால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரவழைக்க வேண்டும். நேரத்தைச் சரியாகப் பார்க்கிற ஒருவர் அங்கே நிற்பதன் பெறுமதி அப்போது எல்லோருக்கும் தெரியவரும். ஆனால் திறப்போடு வந்த பெரியவரிடம் அவர் செய்வது மூடநம்பிக்கை என்று விளக்கத் தொடங்காதீர்கள். "ஐயா, சனத்தை விலத்தி விடுங்கோ, காத்து வரட்டும்" என்று அவருக்கு வேறொரு வேலையைக் கொடுத்துவிடுங்கள்.

காதடைப்பான் அணிவதாயின், ஒலியைக் குறைக்கின்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். முழுதும் அடைக்கின்ற வகை கடமை நேரத்துக்கு உதவாது, நோயாளியின் மெல்லிய குரலை அது விழுங்கிவிடும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவையேனும் சத்தம் குறைந்த ஒழுங்கைக்குள் சற்று நேரம் போய்வர அனுமதி கேட்டு, அதைப் பட்டியலிலேயே எழுதுவியுங்கள். உங்களுக்குத் தெரிந்த சாப்பாட்டையும் தண்ணீரையும் வீட்டிலிருந்து கொண்டுசெல்வது, அங்கே கிடைக்கும் அன்னதானத்தைக் குறைத்து மதிப்பது ஆகாது.

சீருடையோடு நிற்கிறவரிடம் வழிப்போக்கர்கள் அரசியலும் கேட்பார்கள். கேட்ட கேள்விக்கு உண்மையான பதிலைச் சொல்லிவிடுவது நம் இயல்பு. ஆனால் செஞ்சிலுவை இயக்கம் 1965 இல் வியன்னாவில் ஏற்றுக்கொண்ட ஏழு அடிப்படைக் கோட்பாடுகளுள் நடுநிலைமையும் ஒன்று. சீருடையில் இருக்கும்போது சர்ச்சைகளில் பக்கம் சேர்வது அதற்கு மாறானது. "கடமையிலை இருக்கிறன் ஐயா, அதைப்பற்றிக் கதைக்கேலாது" என்று சொன்னால் போதும், அது பொய்யும் அன்று. செஞ்சிலுவைச் சின்னம் ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்டது என்பதால், அதைத் தாங்கிய மேலாடையைக் கடமையற்ற நேரத்தில் அணிந்து திரியவும் கூடாது.

எல்லாக் கடமைகளையும் ஏற்க வேண்டும் என்றில்லை. மார்ச் மாதத்தில் யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் இடையே நடக்கும் துடுப்பாட்டப் போட்டி, அதாவது வடக்கின் பெரும் போர், பட்டாசும் வாத்தியமும் எதிர்பாராத கணத்தில் வெடிக்கின்ற இடம். நல்லூரின் இரைச்சல் ஒழுங்கானது, பூசை நேரத்தை வைத்து அது எப்போது கூடும் என்று கணிக்கலாம். மைதானத்தின் இரைச்சலை அப்படிக் கணிக்க முடியாது. இரண்டில் ஒன்றைத்தான் தாங்க முடியும் என்றால் நல்லூரைத் தேர்ந்தெடுங்கள். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது போல, மாரியில் வெள்ளம் வந்து பாடசாலைகள் இடைத்தங்கல் முகாம்களாக மாறும் வேளைகளில் இரவிலும் அழைப்பு வரலாம். இரவு நேரத் திடீர் அழைப்பு உங்களுக்கு இயலாதென்றால், மறுநாட் காலையில் முகாமில் பதிவு எழுதவோ பொருள் பிரிக்கவோ வருவேன் என்று முன்கூட்டியே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். அந்த வேலைகளுக்குத்தான் மூன்றாம் நாளில் ஆள் கிடைக்காது.

தாங்க முடியாதபோது

நிலைகுலைவு வருமுன் உங்களுக்குள் எழும் அறிகுறிகளை உங்களோடு நிற்கும் தோழரிடம் சொல்லி வைத்திருங்கள்: பேச்சுக் குறைவது, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வது, விரல்களை வேகமாக அசைப்பது. அப்போது அவர் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோளில் தட்டி ஆறுதல் சொல்வது சிலருக்கு நிலைமையை மோசமாக்கும். நோயாளி ஒருவரைக் கவனித்துக்கொண்டிருக்கும்போது இந்த அறிகுறிகள் தெரிந்தால், அவரை இன்னொருவரிடம் ஒப்படைத்த பின்னரே விலக வேண்டும்; ஒப்படைப்பதற்கென இருவரும் ஒரு குறுகிய சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளலாம். கடமை முடிந்த மறுநாளில் வேறெந்த நிகழ்ச்சியையும் வைத்துக்கொள்ளாதீர்கள். அன்று வீட்டுக்கு உறவினர் வருவார்களாயின் அதையும் பெற்றோரிடம் சொல்லித் தவிர்த்துக்கொள்ளுங்கள்.

சேர்ந்து ஆறு மாதமளவில் பொறுப்பாளரிடம் நேரம் கேட்டு, முதற் கடிதத்தை இருவரும் மறுபடி வாசியுங்கள். தேவையற்றுப் போன வரிகளை வெட்டி, புதிதாகத் தெரியவந்தவற்றைச் சேர்த்து, திகதியிட்டுக் கொடுங்கள். பொறுப்பாளர் மாறும்போது புதியவருக்கு அந்தக் கடிதத்தின் பிரதி போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே கேட்க வேண்டும், ஏனெனில் பழையவர் அதை ஒப்படைத்திருப்பார் என்று எண்ணியிருக்கும்போதுதான் ஒருநாள் ஒலிபெருக்கிக்குக் கீழே நிறுத்தப்படுவீர்கள். விலக நேர்ந்தால் சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். சீருடை, அடையாள அட்டை, பெட்டியின் திறப்பு ஆகியவற்றை ஒரு சிறு கடிதத்தோடு ஒப்படைத்து, எந்த மாதத்திலிருந்து மீண்டும் வர முடியும் என்று தெரிந்தால் அதையும் குறிப்பிட்டு, பெற்றுக்கொண்டவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.